பிரிட்டோரியாவா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கா, டர்பனா: அதிகாரம் எங்கே இருக்கட்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மாதாமாதம் ஒரு பில் வரும். வீட்டு வரி, தண்ணீர், கழிவுநீர், குப்பை, மின்சாரம் எல்லாம் ஒரே தாளில். (வீட்டு வரியை இங்கே யாரும் வீட்டு வரி என்று சொல்வதில்லை, ‘ரேட்ஸ்’தான்.) தாளின் தலையில் டர்பனை ஆளும் எதெக்வினி மாநகராட்சியின் பெயர் இருப்பதால், குழாய் காய்ந்தாலும் விளக்கு அணைந்தாலும் நம் வாயில் முதலில் வருவது மாநகராட்சிதான். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் கதை வேறு. அதில் இருக்கும் மின்சாரம் எஸ்காமிடம் மொத்த விலைக்கு வாங்கியது. எஸ்காம் மத்திய அரசின் நிறுவனம். தண்ணீரில் பெரும்பகுதி உம்ங்கேனி-உதுகேலா நீர் வாரியத்திடம் வாங்கியது. அதுவும் மத்திய அமைச்சர் ஒருவரின் கீழ்தான். ரேட்ஸும் குப்பையும் நகரத்தின் சொந்தக் கணக்கு. மாகாண அரசின் பெயர் அந்தத் தாளில் எங்குமே கிடையாது.

இந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார எனக்கு ஒரு காரணம் வந்தது. உள்ளாட்சிகளுக்காக 1998இல் போட்ட வெள்ளை அறிக்கையை, அதாவது அரசின் கொள்கை ஆவணத்தை, திருத்தப்போகிறோம் என்று மத்திய அரசின் உள்ளாட்சித் துறை 2025இல் ஒரு ஆலோசனை ஆவணத்தை வெளியிட்டது. கோக்டா என்று எல்லோரும் கூப்பிடும் அந்தத் துறையின் அமைச்சர் வெலென்கோசினி ஹ்லாபிசா. மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். எங்கள் கோயில் கமிட்டியில் பூஜை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் பேச்சு அதில் திரும்பியது. நாமும் நாலு வரி எழுதி அனுப்பலாமே என்று தலைவர் அண்ணன் ஆரம்பித்தார். நாலு வரிக்குள் நாலு கட்சி ஆகிவிட்டது. ‘ஒரு குழியைக்கூட மூடத் தெரியாதவர்களிடம் எதற்கு அதிகாரம்? எல்லாவற்றையும் பிரிட்டோரியாவே எடுத்துக்கொள்ளட்டும்’ என்பது அண்ணனின் கட்சி; பிரிட்டோரியா என்றால் மத்திய அரசு. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வரும் என் ஒன்றுவிட்ட தம்பிக்கு மாகாணம்தான் பலமாக வேண்டும். கணக்கு எழுதும் இளைஞன் ஒருவன் நகரத்துக்குக் கொடு என்றான். டர்பனுக்கு வடக்கே இருக்கும் டோங்காட்டிலிருந்து வரும் அக்கா மட்டும், ‘யார் கையில் இருந்தால் எனக்கென்ன, குழாயில் வரட்டும்’ என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டார். எழுதும் வேலை என் தலையில்.

முதலில் இங்கே ஏற்பாடு எப்படி என்று சொல்லிவிடுகிறேன், தமிழ்நாட்டை மனதில் வைத்துப் படிப்பவர்களுக்குக் குழப்பம் வரும். அங்கே மாநிலத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் உண்டு, பெட்ரோலிலும் சாராயத்திலும் வரி உண்டு. இங்கே மாகாணத்துக்கு இரண்டுமே கிடையாது. போலீஸ் மத்தியுடையது, மாகாணம் மேற்பார்வை பார்க்கலாம், அவ்வளவுதான். வருமான வரி, வாட், வீட்டு வரி எதையும் மாகாணம் போட முடியாது என்று 1996 அரசியல் சட்டமே சொல்கிறது. வண்டி லைசென்ஸ், சூதாட்ட வரி, ஆஸ்பத்திரிக் கட்டணம் என்று கிடைப்பது சில்லறை. மத்தியில் வசூலாகும் பணத்தில் பங்கிடுவதற்கென்று ஒதுக்கும் தொகையில் ஏறக்குறைய பாதியை மத்தியே வைத்துக்கொள்கிறது, நாற்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஒன்பது மாகாணங்களுக்கும் போகிறது, பத்தில் ஒரு பங்கு போல 257 உள்ளாட்சிகளுக்கும் போகிறது. மாகாணம் அந்தப் பணத்தை வைத்துப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துகிறது. டர்பன் மாதிரிப் பெரிய நகரமோ தன் செலவில் பெரும்பகுதியைத் தானே ரேட்ஸ், மின்சாரம், தண்ணீர் விற்றுச் சம்பாதிக்கிறது.

இன்னொன்று. இந்த மூன்றையும் அரசியல் சட்டம் மேல், நடு, கீழ் என்று அடுக்கவில்லை. ஒன்றையொன்று சார்ந்த மூன்று வட்டங்கள் என்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் நம் வீட்டுக் குழாய் இருக்கிறது.

அண்ணனின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன், காரணம் நம் சரித்திரம். ‘உள்ளூர் ஆட்சி மக்களுக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் நல்லது’ என்று யாராவது சொன்னால் டர்பன் தமிழன் கொஞ்சம் இருமத்தான் வேண்டும். 1860இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு 1924இல் நட்டால் (இந்த மாகாணத்தின் பழைய பெயர்) நகராட்சிகளில் ஓட்டு பறிபோனது. பறித்தது மாகாணச் சட்டம். இனவாரிக் குடியிருப்புச் சட்டம் 1950இல் மத்தியில் வந்தது என்பது சரி. ஆனால் டர்பனை எப்படிக் கூறுபோடலாம் என்று கமிட்டி போட்டு வரைபடம் தயாரித்தது டர்பன் நகர சபை. சட்டம் அங்கே, பென்சில் இங்கே. கேட்டோ மேனரிலிருந்து விரட்டப்பட்டு, வண்டியில் பாத்திரம் பண்டத்தோடு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு வந்த குடும்பங்களுக்கு ‘பக்கத்தில் இருக்கும் அரசு’ என்பது அப்படித்தான் அறிமுகமானது.

இன்று நம்மைக் காப்பது எது என்று பார்த்தால், அதுவும் மத்தியில் இருக்கும் ஒரு புத்தகம்தான். அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, நாட்டில் சமூகங்கள் பேசும் மொழிகளை மதிக்கவும் வளர்க்கவும் வேண்டும் என்று சொல்லும் இடத்தில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது இவற்றோடு தமிழையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. நாட்டு மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இந்த வரியை டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இருக்கும் எந்தப் பெரும்பான்மையும் ஒரு மாலைக் கூட்டத்தில் அழித்துவிட முடியாது. அந்த விஷயத்தில் நான் அண்ணன் பக்கம்.

ஆனால் உரிமையை எழுதி வைப்பது வேறு, குழாயைத் திருகுவது வேறு. மாகாணம் தவறினால் மத்தி கையில் எடுக்க 100ஆம் பிரிவும், நகராட்சி தவறினால் மாகாணம் கையில் எடுக்க 139ஆம் பிரிவும் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தும் இருக்கிறார்கள். 2011 கடைசியில் லிம்போபோ மாகாணத்தின் கல்வித் துறையை மத்தி எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பாதி போன பிறகும் பல பள்ளிகளுக்குப் பாடப் புத்தகம் போய்ச் சேரவில்லை. கோர்ட் சொல்லியும் இழுத்தது. ப்ளூம்ஃபொன்டெயின் இருக்கும் மங்காவுங் மாநகரத்தை 2022இல் மத்தியே நேராக ஏற்றது; ஒரு பெருநகரத்துக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகராட்சியை 2010இல் ஒரு தடவை நிர்வாகி கையில் கொடுத்தார்கள், 2019இல் மறுபடியும். வைத்தியம் பலித்திருந்தால் அதே ஆஸ்பத்திரியில் இரண்டாம் முறை படுக்கை எதற்கு? 2019இல் மூன்று வட்டங்களும் ஒரே திட்டத்தில் வேலை செய்யும் என்று மாவட்ட மேம்பாட்டு மாதிரி ஒன்றை அறிவித்தார்கள். சோதனைக்குத் தேர்ந்தெடுத்த மூன்று இடங்களில் எதெக்வினியும் ஒன்று. 2024இல் ஜனாதிபதியின் பெயரில் எதெக்வினிக்கென்றே தனிப் பணிக்குழுவும் போட்டார்கள். கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை.

போலீஸ் விஷயத்தில்தான் மத்தியின் தூரம் எனக்குப் பயமாகவே தெரிந்தது. 2021 ஜூலைக் கலவரத்தில் நாடு முழுக்க 350 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழுவே போலீஸும் உளவுத் துறையும் தவறின என்று எழுதியது. போலீஸ் வராத இடத்தில் தெருவே போலீஸாக மாறினால் என்ன ஆகும் என்பதை, டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் பார்த்தோம். அங்கே இறந்தவர்கள் 30 பேருக்கு மேல், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நம் ஆட்கள் இதைப் பேசும்போது அந்த வரியை விழுங்கிவிடுகிறார்கள், விழுங்கக் கூடாது.

சரி, மாகாணம். தம்பியின் வாதத்துக்கு வேர் ஆழம். 1990களின் பேச்சுவார்த்தையில் கூட்டாட்சி வேண்டும் என்று அதிகமாகக் கத்தியது இந்த மாகாணத்தின் இன்காத்தா கட்சி. 1996இல் குவாசுலு-நட்டால் தனக்கென்று ஒரு அரசியல் சட்டமே எழுதிக்கொண்டு போனது. அரசியல் சட்ட நீதிமன்றம் ஏற்கவில்லை. மேற்குக் கேப் எழுதியது மட்டும் பிறகு தேறியது. அந்த மாகாணம் இன்றும் போலீஸும் ரயிலும் எங்களிடம் வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. மாகாண அதிகார மசோதா ஒன்றை 2023இல் அவர்கள் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்கள். ‘அவர்கள் கேட்கிறார்கள், நாம் ஏன் கேட்கக் கூடாது?’ என்பது தம்பியின் கேள்வி. 2024 தேர்தலுக்குப் பிறகு இங்கே நாலு கட்சிக் கூட்டணி அமைந்தது, இன்காத்தாவின் தாமி என்டுலி பிரீமியர் (மாகாண முதல்வர்) ஆனார், எதிரே முன்னாள் ஜனாதிபதி ஜூமாவின் எம்.கே. கட்சி பலமாக. ஒரு கட்சி தன் மேலிடத்தைக் கேட்டு ஆடும் காலம் போய்விட்டது என்கிறான்.

எனக்கு ஒத்துவரவில்லை. காரணம் கட்சி இல்லை, ஓட்டுச் சீட்டு. மாகாண சட்டமன்றத்துக்கு நாம் கட்சிப் பட்டியலுக்குத்தான் ஓட்டுப் போடுகிறோம்; 2024 முதல் சுயேச்சையும் நிற்கலாம், ஆனால் தொகுதி கிடையாது. என் தெருவுக்கென்று அங்கே ஒரு ஆள் கிடையாது. எதெக்வினி மன்றத்தில் 222 பேர். அதில் 111 பேர் வார்டு ஆட்கள். நல்லவரோ கெட்டவரோ, என் வார்டு கவுன்சிலரின் நம்பர் என் போனில் இருக்கிறது, திருவிழா அன்றைக்குச் சாப்பாட்டு வரிசையில் அவரைப் பிடித்துக் கேட்கவும் முடிகிறது. மாகாணத்திடம் நாம் வரியும் கட்டுவதில்லை, அங்கே நம் ஆளும் இல்லை. இப்படி இருக்கிற இடத்தில் தப்பு நடந்தால் எவ்வளவு நாள் வெளியே தெரியாமல் இருக்கும் என்பதற்குக் கௌட்டெங் சாட்சி. 2016இல் அந்த மாகாணத்தின் சுகாதாரத் துறை லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநல மையத்தில் இருந்த மனநோயாளிகளைச் செலவு மிச்சம் என்று சிறு சிறு விடுதிகளுக்கு மாற்றியது. 144 பேர் செத்தார்கள். மாகாணத்துக்கு இன்னும் அதிகாரம் கொடுப்பதானால், முதலில் சொந்தமாக வரி போடும் பொறுப்பையும் தொகுதி ஆளையும் கொடுத்துவிட்டுப் பிறகு பேசலாம்.

ரயிலைப் பற்றி ஒரு வரி போதும். அது நகரத்துக்குள் ஓடுகிற வண்டி, நகரமே பார்க்கட்டும். மத்தியின் ரயில் கொள்கையே 2022இல் அந்தத் திசைக்குத் தலையாட்டிவிட்டது.

இப்போது தண்ணீர். நகரத்தின் கட்சி நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

2022 ஏப்ரல் 11, 12இல் பெய்த மழையில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். டோங்காட்டில் மாநகராட்சியே நடத்திவந்த தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. அரை வருஷத்துக்கும் மேல் அந்த ஊருக்கு டாங்கர் லாரிதான். அக்கா வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பச்சை ஜோஜோ தொட்டி, அதைச் சுற்றி இருபது லிட்டர் வாளிகள், ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் வீட்டு நம்பர். லாரி ஹாரன் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். குடிக்க ஒரு வாளி, துணிக்கு ஒன்று, சாமி அறைக்கு ஒரு சின்னச் சொம்பு என்று அக்கா பிரித்து வைப்பார். பாத்திரம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. பிறகு தண்ணீர் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அன்று டம்ளரைக் கழுவியபோதுகூடத் தண்ணீரை வீணாக்காமல் ஒரு கிண்ணத்தில்தான் பிடித்தார்.

வெள்ளத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் அதற்குப் பின் நடந்ததைப் பார்த்தால் வட்டங்கள் படிகிற இடம் நன்றாகத் தெரியும். பேரிடர் அறிவிப்பு முதலில் மாகாண அளவில், ஏப்ரல் 18இல் நாடு அளவில். நிவாரணப் பணம் மத்திய கஜானாவிலிருந்து. உடைந்த நிலையம் நகரத்துடையது. பக்கத்தில் ஹேசல்மியர் அணை இருக்கிறது. அது மத்தியின் சொத்து, அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்வது நீர் வாரியம். டோங்காட் வீட்டுக்கும், அந்த அணைத் தண்ணீர் வரும் பக்கத்து ஊரான வெருலம் வீட்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான், ஆனால் இரண்டு குழாய்க்கும் முதலாளி வேறு.

அது போகட்டும், நல்ல வெயில் காலத்திலும் தண்ணீர் போகிறது. நாடு முழுவதும் உள்ளாட்சிகள் குழாயில் விடும் தண்ணீரில் ஏறக்குறைய பாதிக்குக் காசு வருவதில்லை. கசிவு, திருட்டு, மீட்டர் ஓடாதது எல்லாம் சேர்த்து. டர்பனும் இதில் விதிவிலக்கு இல்லை. என் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை மூன்று வாரம் ஒரு குழாய் ஊற்றாக ஓடியது. ஓர் அலுவலகத்தில் புகார் எண் கொடுத்தார்கள். இன்னோர் அலுவலகத்தில் ‘அது பெரிய லைன், எங்களுடையது இல்லை’ என்றார்கள். முதல் அலுவலகத்துக்குத் திரும்பினால் புகார் ‘முடிந்தது’ என்று கம்ப்யூட்டர் சொன்னது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம், ஊருக்கு ஊர் இதே கதைதான்.

இதை வைத்து அண்ணன், ‘பார்த்தாயா, நகரத்துக்கு லாயக்கில்லை’ என்கிறார். கணக்கு எழுதும் இளைஞன் வேறு மாதிரி பார்த்தான், அதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. தண்ணீர் விற்ற காசு எங்கே போகிறது? நகரத்தின் பொதுக் கல்லாவுக்கு. அங்கிருந்து சம்பளம், கார், பூங்கா, எல்லாவற்றுக்கும் போய் மிச்சம் இருந்தால் குழாய்க்கு. மருமகள் சம்பளத்தையும் மாமியார் பென்ஷனையும் ஒரே டப்பாவில் போட்டுக் குடும்பம் நடத்தினால் கூரை ஒழுகும்போது யார் காசு என்று தெரியாது. இப்போது மத்திய கஜானா பெருநகரங்களுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: தண்ணீர், மின்சாரம், குப்பை இவற்றின் வரவு செலவைத் தனித்தனிக் கணக்காகப் பிரி, ஒரே பொறுப்பாளர் கையில் வை, சொன்னதைச் செய்தால் கூடுதல் மானியம். அதிகாரத்தை எங்கும் நகர்த்தாமல், கல்லாவை மட்டும் பூட்டும் வேலை. வெள்ளை அறிக்கையில் நான் பார்க்க விரும்புவது இதைத்தான், இன்னும் கடுமையாக.

மின்சாரத்திலும் வழி திறந்துதான் இருக்கிறது. நன்றாக நடக்கும் நகராட்சிகள் எஸ்காமைத் தாண்டித் தாங்களே மின்சாரம் உண்டாக்கலாம், வாங்கலாம் என்று 2020 அக்டோபரில் விதியை மாற்றினார்கள். ஆனால் நாடு முழுக்க நகராட்சிகள் எஸ்காமுக்குப் பாக்கி வைத்திருப்பது பத்தாயிரம் கோடி ராண்டுக்கு மேல். கடன்காரனுக்குக் கடை சாவியைக் கொடுப்பதா என்று அண்ணன் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

பதில் இதுதான்: எல்லோருக்கும் ஒரே சாவி வேண்டாம். எட்டுப் பெருநகரங்களையும் கரூ பாலைவனத்து ஒற்றைத் தெரு ஊரையும் ஒரே அளவுச் சட்டையில் திணித்ததுதான் 1998இன் பெரிய தவறு என்று நினைக்கிறேன். 2023-24 கணக்கில் 257 உள்ளாட்சிகளில் 41தான் தணிக்கையில் குறையில்லாமல் தேறின. சிறிய ஊர்களில் என்ஜினியரே இல்லாமல் தண்ணீர் நிலையத்தை வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட, அதை வட்டார வாரியத்திடம் கொடுத்துவிடலாம். அங்கே அண்ணன் சொல்வது சரி. அரசியல் சட்டத்தின் 156ஆம் பிரிவும், ஒரு வேலை உள்ளூரில்தான் நன்றாக நடக்கும், அந்த உள்ளாட்சிக்குத் திராணியும் உண்டு என்றால் மேலே இருப்பவர்கள் அதை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்கிறது. ‘ஒப்படைக்கலாம்’ இல்லை, ‘வேண்டும்’. இத்தனை வருஷமாக அந்த வரி தூங்குகிறது. திராணி இருக்கிறதா என்று அளப்பது யார், எதை வைத்து அளப்பது என்பதை எழுதிவிட்டால் போதும், அது எழுந்துகொள்ளும். டர்பன் இன்றைக்கு அந்தப் பரீட்சையில் தேறுமா? மின்சாரத்தில் தேறும், தண்ணீரில் தேறாது என்பது என் மார்க்கு. தேறாத பாடத்துக்கு இரண்டு வருஷம் கெடு கொடுக்கலாம்.

ஆக நாலு வரியில் எழுதியது: உரிமை, மொழி, பணம் பங்கிடும் கணக்கு மத்தியில் இருக்கட்டும். ரயில், வீட்டு வசதி, தெருப் போலீஸ் பெருநகரத்துக்கு வரட்டும், தண்ணீர்க் கல்லாவைப் பூட்டிய பிறகு. சிறிய ஊரின் தண்ணீர் வாரியத்துக்கு. மாகாணத்துக்கு ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் போதும், புதிதாக ஒன்றும் வேண்டாம். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அண்ணன் ‘பரவாயில்லை’ என்றார்.

அப்புறம் அக்கா ஒன்று கேட்டார், அதில் மாட்டிக்கொண்டோம். ‘தமிழ் வாத்தியாரை யார் போடுவது?’

பள்ளிக்கூடம் இந்த வெள்ளை அறிக்கைக்குள் வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், விடவில்லை. பாடத்திட்டம் மத்தியுடையது, வாத்தியார் சம்பளம் மாகாணத்துடையது, எந்த மொழி என்பதைப் பெற்றோர் இருக்கும் பள்ளி நிர்வாகக் குழு முடிவு செய்துவந்தது. 2014இல் குவாசுலு-நட்டால் பள்ளிகளில் தமிழை மறுபடி விருப்பப் பாடமாக வைக்கலாம் என்று வந்தது. வைப்பதற்கு ஆள் வேண்டுமே. 2024இல் வந்த பேலா என்ற பள்ளிக் கல்வித் திருத்தச் சட்டம் மொழி விஷயத்தில் கடைசி வார்த்தையை மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் கொடுத்துவிட்டது. நான் எழுதியதன்படி பார்த்தால் இதை எதிர்க்க வேண்டும், அதிகாரம் பெற்றோரிடமே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். அக்கா சிரித்தார். அவர் பேத்தி படிக்கும் பள்ளியின் குழுவில் தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் இருக்கும் அதிகாரம் அங்கே அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. தூரத்தில் இருக்கும் துறைத் தலைவர் ஒரு கடிதம் போட்டால் வாத்தியார் வரலாம். அதே துறைத் தலைவர் இன்னொரு பள்ளியில் இருக்கிற தமிழ் வகுப்பை ஒரு கடிதத்தில் மூடவும் செய்யலாம்.

அந்தப் பத்தியை மட்டும் இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு பூஜைக்குப் பிறகு கையைத் தூக்கச் சொல்லி ஓட்டுக்கு விடப்போகிறோம். அக்கா இன்னும் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.